கித்தாப் பாலில் வார்த்த எழுத்துகள்

நான் எழுதினால் எழுத்துகள் திரும்பி நின்றுகொள்ளும். 'ட' வலப்பக்கம் காலை நீட்ட வேண்டும். என் சிலேட்டில் அது இடப்பக்கம் நீட்டும். 'க'வும் 'த'வும் முதுகைக் காட்டும். 'ப' ஒன்றுதான் எந்தப் பக்கம் திருப்பினாலும் 'ப'வாகவே இருந்து என் மானத்தைக் காப்பாற்றியது.

மலாயாவின் கெடாவில், சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை, ஒரே வாத்தியார். முதல் வகுப்பில் என்னை இரண்டு வருடம் உட்கார வைத்தார். கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பிரம்பை வைத்துச் சமாளிக்க வேண்டியவர். என் விரல் முட்டியில் அடித்து அடித்து அவர் கைதான் ஓய்ந்ததே தவிர என் எழுத்து திரும்பவில்லை. கடைசியில் என் அம்மாவைக் கூப்பிட்டு, "பால்வெட்டுக்கு அனுப்பும்மா, இதுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டார். அப்போது எனக்கு எட்டு வயது.

அந்த வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஒரே காரில் மனைவி, நாய், கிராமபோன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். வாத்தியாரும் சைக்கிளில் எங்கோ போய்விட்டார். பள்ளிக்கூடத்து மேசை நாற்காலிகளை அடுப்புக்கு உடைத்தார்கள். அந்த அறையில் மரவள்ளி மாவு காயப் போட்டார்கள். ஊரே பயந்து கிடந்தபோது எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். இனி யாரும் என்னை 'ட' எழுதச் சொல்லமாட்டார்கள்.

கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரை வாங்குகிற ஆள் இல்லாமல் போனது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். அம்மாவும் அப்பாவும் கிழங்கு போடுகிற வேலைக்குப் போனார்கள். என் தம்பி கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் இருந்து பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற அத்தாப்பு ஓலைக் கூரைக் கொட்டகை அது. பழைய ஆயா மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனதால் புதிதாக ஒரு ஆயா வந்திருந்தார்.

அவருக்கு இருபத்திரண்டு வயதுதான். ஆயா என்று கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை. வெறும் அக்கா என்றால் பெரியவர்கள் திட்டினார்கள். இரண்டையும் சேர்த்து 'ஆயாக்கா' என்று ஆக்கிக்கொண்டோம். அவர் வேதக்காரர். கொத்தனாரின் மகள். மாதா கோயில் சுவர்களைக் கட்டிய அப்பாவுக்குச் சிறு வயதில் கல் எடுத்துக் கொடுத்து, நூல் பிடித்து வளர்ந்தவர். கன்னியாஸ்திரிகளிடம் நான்காவது வரை படித்திருந்தார். கல்யாணமாகி ஏழு மாதத்தில் அவர் கணவரை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற காலைப் பிரட்டில் ஆள்களை வரிசையாக நிற்கவைத்து, "மூணு மாச வேலை, அரிசி உண்டு" என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். ஆயாக்காவுக்குப் பிள்ளை இல்லை. கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கிறவர், அவரைக் கொட்டகையில் போட்டார்.

முதல் நாள் நான் போனபோது பதினேழு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாம் பசி அழுகை. ஆயாக்கா யாரையும் தட்டிக்கொடுக்கவில்லை, அதட்டவும் இல்லை. வெளியே போய் முந்தானை நிறைய கித்தாக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து நடுவில் கொட்டினார். எங்கள் தோட்டத்தில் அவை காலில் மிதிபடுகிற சாமான். யாரும் குனிந்து பார்த்ததில்லை.

"இதுல ஒரே மாரி இருக்கற ரெண்டு கொட்டைய யாரு கண்டுபுடிக்கிறீங்க, பாப்போம்" என்றார்.

கித்தாக் கொட்டையின் மேல் பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள் இருக்கும். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அழுத பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேட ஆரம்பித்தார்கள். பொழுது போனது தெரியவில்லை. மதியம் ஒரு சின்னப் பெண் வந்து, "ஆயாக்கா, ஒரே மாரி இல்லவே இல்லலா" என்று கோபமாகச் சொன்னாள். அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அத கண்டுபுடிக்கத்தான் ஒனக்கு இவ்வளவு நேரம். இப்ப ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்றார்.

இப்படித்தான் தொடங்கியது. வெட்டாத மரங்களிலிருந்து பால் பிடிக்கிற மங்குகளைக் கழற்றி வந்தோம். பத்துக் கொட்டை ஒரு மங்கு, பத்து மங்கு ஒரு வாளி. நூறு என்றால் எவ்வளவு கனம் என்பது எண்ணத் தெரியும் முன்பே எங்கள் கைக்குத் தெரிந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கு வரும்போது ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை பங்கு வெட்ட வேண்டும். ஒரே ஒரு சட்டம். வெட்டுகிறவர் கடைசியாகத்தான் எடுக்கலாம். ஒரு கிழங்கை ஆறு பேருக்கு வெட்ட வேண்டிய நாளில் நான் நூலை வைத்து அளந்து, மடித்து, மறுபடி அளந்து வெட்டினேன். பாதி, பாதியில் பாதி, ஆறில் ஒன்று எல்லாம் எனக்கு அப்படித்தான் வந்தன. இன்றுவரை மறக்கவில்லை.

ஆனால் எழுத்து வந்ததும் நான் ஒளிந்துகொண்டேன். தட்டில் மணல் பரப்பி எல்லோரும் விரலால் எழுதிக்கொண்டிருந்தபோது, தம்பிக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி ஓடைக்கரைக்குப் போய்விடுவேன். மூன்று நாள் அப்படிப் போனேன். நான்காம் நாள் ஆயாக்கா தம்பியைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டு, "எழுது" என்றார். எழுதினேன். மணலில் 'ட' இடப்பக்கம் காலை நீட்டியது. விரலை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் அடிக்கவில்லை. அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் என்னைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்.

"சரியாத்தான் எழுதிருக்க. அந்தப் பக்கமா எழுதிருக்க" என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மணலில் எழுதினால் காற்றில் அழிகிறது. சிலேட்டு இல்லை, தாளும் இல்லை. சின்னப் பிள்ளைகள் கையில் வைத்துத் தடவிப் பார்க்கிற மாதிரி எழுத்து வேண்டும். மாதா கோயில் சுவரில் அவர் அப்பா அச்சில் ஊற்றிப் பூ வார்த்ததைப் பார்த்திருக்கிறார். ஓடைக்கரையிலிருந்து களிமண் கொண்டுவரச் சொன்னார். அதைக் கை அகலத்துக்குத் தட்டையாக்கி ஈர்க்குச்சியால் ஆழமாக 'அ' என்று கீறினார். என் அம்மா கொண்டுவந்த அரை மங்குப் பாலை அதன்மேல் ஊற்றினார். பாலை உறைய வைக்கும் ஆசிட் தோட்டத்தில் எப்போதோ தீர்ந்துவிட்டது. புளிப்பான பிளிம்பிங் காயைக் கசக்கிப் பிழிந்துவிட்டார். இரண்டு நாள் மூடி வைத்தோம்.

மூன்றாம் நாள் எல்லோரும் சூழ்ந்து நிற்க, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். வெள்ளை வில்லையாக வந்தது. அதன்மேல் ஒரு எழுத்து புடைத்து நின்றது. ஆனால் திரும்பி நின்றது. களிமண்ணில் நேராக இருந்தது கித்தாவில் இடம் வலமாக மாறி விழுந்துவிட்டது.

ஆயாக்கா சிரித்தார். லாரி போன நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. நான் எழுதுகிற 'அ' அப்படியே அதுதான்.

சிரிப்பு நின்றதும் அவர் என்னைத் தேடினார். ஈர்க்குச்சியை நீட்டினார்.

"நீ வா. ஒன் எழுத்தத்தான் இங்க போடணும்."

"எனக்குத் தப்பாத்தான் வரும் ஆயாக்கா."

"தப்பாவே போடு. நான் பாத்துக்கறேன்."

புதிய களிமண்ணில் நான் 'அ' கீறினேன். எனக்கு இயல்பாக வருகிற மாதிரி, யாருடைய முட்டியடியும் இல்லாமல். பால் ஊற்றி மூடினோம். அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. உரித்தபோது வில்லையின்மேல் 'அ' நேராக நின்றது. புத்தகத்தில் இருப்பது போல.

ஆயாக்கா அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "இந்தத் தோட்டத்துலயே இத செய்ய ஒருத்திக்குத்தான் தெரியும்" என்றார். நான் அன்று வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "என்னாடி இது, பலகாரமா?" என்று முகர்ந்து பார்த்தார். சொன்னதும் அடுப்பை விட்டு எழுந்து அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான்தான் அச்சுக்காரி. வார்த்த வில்லைகளை அடுப்புப் புகையில் தொங்கவிட்டால் பழுப்பாக, நெகிழாமல், மாதக்கணக்கில் நிற்கும். கொட்டகை முழுவதும் புகைநாற்றமும் புளித்த பால் நாற்றமும்தான். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தடவி, 'இது ம', 'இது ய' என்று சொல்லுவார்கள். மூன்று வில்லையை வரிசையாக வைத்து 'படம்' என்று முதல் சொல்லைப் படித்தது நான்கு வயதுப் பையன். அவனுக்குப் படம் என்றால் என்னவென்று தெரியாது. அவன் ஒன்றையும் பார்த்ததில்லை.

என் விஷயம் எனக்கே மெதுவாகத்தான் புரிந்தது. களிமண்ணில் கீறும்போது ஒரு பக்கம், வில்லையில் தடவும்போது மறுபக்கம். தினமும் இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டதில் எது எந்தப் பக்கம் என்பது என் விரலில் பதிந்துவிட்டது. ஒரு நாள் மணலில் யோசிக்காமல் 'ட' எழுதினேன். அது வலப்பக்கம் காலை நீட்டிக்கொண்டிருந்தது. ஆயாக்கா பார்த்தார். எங்கே திரும்பவும் மாறிவிடுமோ என்று பயந்தவர் போல மெல்ல நகர்ந்துவிட்டார்.

கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. நான் சந்தோஷமாக ஓடிப்போய், "அப்படின்னா ஆயாக்கா, சயாமுக்குப் போன ஒங்க வீட்டு அண்ணன் இப்ப நம்ம ஊர்லதானே இருக்காங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கொட்டைக் கூடையை எடுத்துவரச் சொன்னார். "ஒரு கொட்டன்னா ஒரு நாள் நடை" என்று சொல்லி, கொட்டகை வாசற்படியில் முதல் கொட்டையை வைத்தார். நாங்கள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனோம். அலோர் ஸ்டாரைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, வடக்கே, வடக்கே. கூடையில் பாதி தீர்ந்தபோது வரிசை எங்கள் குடியிருப்பு வீடுகள் இருந்த லயத்து மூலைக்குப் போய்விட்டது. "இன்னும் இருக்கு" என்றார். அவருக்கும் எத்தனை நாள் என்று சரியாகத் தெரியாது. வரிசையை அள்ளாமல் அப்படியே விட்டார். மழை வந்து கலைக்கும்வரை அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் தாண்டித்தான் நடந்தார்கள்.

அடுத்த இடி கிராணியிடமிருந்து வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லாம் நாளை முதல் கிழங்குக் காட்டுக்கு வரவேண்டும் என்றார். மேலிடத்து உத்தரவு. அவரும் பயந்தவர்தான், முகத்தில் தெரிந்தது. ஆயாக்கா அவர் முன்னால் போய் நின்றார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தோம்.

"பிள்ளைங்க வரும் ஐயா. ஆனா மண்வெட்டி குடுக்காதீங்க, அதுங்களுக்குத் தூக்க முடியாது. வரிசை போடற வேலைய எங்களுக்குக் குடுங்க."

"வரிசையா? இதுங்களா?"

"ஒரு காலைல பாருங்க. பிடிக்கலைன்னா மண்வெட்டி குடுங்க."

அன்று சாயங்காலம் முழுவதும் கயிறு முடிந்தோம். மூன்றடிக்கு ஒரு முடிச்சு. அது கிழங்குக் குச்சி நடுகிற தூரம். இன்னொரு கயிற்றைப் பன்னிரண்டு சம பாகமாக முடிந்து வளையமாகக் கட்டினார். மூன்று பிள்ளைகள் மூன்று, நான்கு, ஐந்து பாகமாக இழுத்துப் பிடித்தால் ஒரு மூலை சுவர் மூலை போல நேராக நிற்கும். கொத்தனார்கள் வீடு கட்டத் தொடங்கும்போது செய்கிற வேலை அது என்றார். எங்களுக்கு மந்திரம் போல இருந்தது.

காலையில் மேட்டு நிலத்தில் நாங்கள் கயிறு பிடித்தோம். நான் முடிச்சுக்கு முடிச்சு குச்சி ஊன்றினேன். வெயில் ஏறும் முன்பே நிலம் முழுவதும் கோடு போட்டாயிற்று. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. கிராணி மூலையில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். குறுக்காக நடந்து போய் இன்னொரு மூலையிலிருந்து பார்த்தார்.

பத்து நாள் கழித்து ஒரு ஜப்பான் அதிகாரி பயிர் பார்க்க வந்தார். வரிசையைக் காட்டி ஏதோ கேட்டார். கிராணி நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். தான் செய்தது என்று சொல்லிக்கொண்டார் என்பது எங்களுக்குப் புரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆயாக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அதிகாரி போனபின் கிராணி எங்களிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல், "காலைல மட்டும் வந்தா போதும். பத்து மணிக்கு மேல கொட்டகைக்குப் போய்டுங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எம் மகளையும் அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார். லயத்துப் பிள்ளைகளோடு அந்தப் பெண்ணை அதுவரை அவர் விளையாடவிட்டதே இல்லை. மறுநாள் அவள் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் கழற்றிவிட்டாள்.

இப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. சாக்குத் துணி கட்டிக்கொண்டு, சொறி பிடித்து, அரிசியைக் கண்ணால் பார்க்காமல் வாழ்ந்த காலம். என் தம்பிக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போய்ப் பிறகு தேறினான். எங்களில் இரண்டு பிள்ளைகள் தேறவில்லை. அவர்களைப் புதைத்த நாள்களில் கொட்டகை நடக்கவில்லை. மற்ற எல்லா நாளும் நடந்தது.

சண்டை முடிந்து சில மாதங்களில் சயாமிலிருந்து ஆள்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போன முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர். அதில் ஒருவர் கொட்டகைக்கு வந்து ஆயாக்காவைத் தனியாக அழைத்துப் பேசினார். அண்ணனுக்குக் காலரா வந்தது, ஆற்றங்கரை முகாம், கடைசிவரை நான்தான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னாராம். ஆயாக்கா எட்டு நாள் வரவில்லை. அந்த எட்டு நாளும் பிள்ளைகளை நானும் கிராணி மகளும் பார்த்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் வந்து, பங்கு வெட்டுவது யார் முறை என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தது. புதிய வாத்தியார், புதிய பிரம்பு. மூன்றரை வருடம் படிப்பில்லாத பிள்ளைகள், எல்லோரையும் முதல் வகுப்பில் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தார். ஒரு பழைய பத்திரிகையை நீட்டி என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அடுத்தவனிடம் நீட்டினார். அவனும் படித்தான். நூற்று நாற்பத்து நான்கை ஆறால் வகுக்கச் சொன்னார். ஒரு பெண் காற்றில் மங்குகளை நகர்த்துகிற மாதிரி கையை ஆட்டிவிட்டு இருபத்து நான்கு என்றாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"ஆயாக்கா, சார்."

அவர் அன்றே கொட்டகைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினார். அச்சை எதற்காகத் திருப்பிக் கீற வேண்டும் என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான்தான் விளக்கினேன். ஒரு வாரம் தினமும் வந்து பார்த்தார். பிறகு ஆபீசுக்குப் போய், முதல் வகுப்புக்கு இந்த அம்மாவைத்தான் போடவேண்டும் என்று புதிய துரையிடம் கேட்டார். சான்றிதழ் இல்லாதவரை வாத்தியாராகப் போடமுடியாது என்றார் துரை. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு வந்து சொன்னபோது ஆயாக்கா, "எந்தப் பேர்ல இருந்தா என்னா சார்? கதவ மட்டும் தொறந்து வைங்க" என்றார்.

அப்படியே நடந்தது. பதினொரு வருடம் அவர் தினமும் காலையில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். தோட்டத்துப் பட்டியலில் கடைசிவரை ஆயாதான். வாத்தியாரின் பிரம்பு இரண்டாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கியது. போகப் போக அதுவும் அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது.

நான் பயிற்சி முடித்து புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது, அவர் மெர்கோங்கில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். கடிதம் எழுதி அழைத்தேன். பஸ் மாறி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை நிறைய ரொட்டி. பின் பெஞ்சில் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்துகொண்டார். அவர் பார்க்கிறார் என்ற பெருமையில் நான் கரும்பலகை நிறைய எழுதினேன். குரலை ஏற்றி இறக்கிப் பாடம் நடத்தினேன். முடிந்ததும் அவர் அருகில் போய் நின்றேன்.

"நல்லாத்தான் பேசுற" என்றார். "ஆனா நீயே பேசிட்டிருக்கியே. முப்பது பிள்ளைங்களும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க, பாவம். அதுங்க கைக்கு என்னா வேல வச்சிருக்க?"

அவர் எழுந்து, ரொட்டிப் பையை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்து, "எல்லாருக்கும் சமமா வரணும். நீ கடைசில எடுக்கணும்" என்றார். நான் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் எண்ணி முடிக்க வெகுநேரம் ஆனது. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.